பதவியை இறக்கி வைத்த பேராசிரியர்: ரவி மத்தாய்

பதவியை விட்டுவிட்டு வந்தவர்களின் கதை புதுவை மண்ணுக்குப் புதிதன்று. பரோடாக் கல்லூரியின் துணை முதல்வர் பொறுப்பை விட்டு, 1906ஆம் ஆண்டில் அதனினும் மிகக் குறைந்த ஊதியத்திற்கு வங்காளத் தேசியக் கல்லூரியின் முதல்வரானவர் அரவிந்தர். பின்னர் அப்பொறுப்பையும் அரசியலையும் விட்டு, 1910 ஏப்ரல் 4ஆம் நாள் 'துய்ப்ளேக்ஸ்' என்னும் கப்பலில் அவர் இங்கு வந்திறங்கியதை இவ்வூரார் அறிவர். நம் வணிகக் குடும்பங்களிலும் இத்தகைய ஒரு வழக்கம் உண்டு. ஹஜ்ஜுக்குப் புறப்படுமுன் கணக்கு வழக்குகளைத் தீர்த்து, கடன்பட்டவரிடமும் மனத்தாங்கல் உற்றவரிடமும் பொறுத்தல் கேட்டு, கடைச் சாவியை மகன் கையில் கொடுத்துவிட்டுச் செல்வர் பெரியோர். திரும்பி வந்தபின் அச்சாவியைக் கேளாமல் விட்டவர் சிலர். மறுநாள் காலையிலேயே கேட்டு வாங்கிக்கொண்டவர் பலர். இக்கட்டுரை, சாவியைத் திரும்பக் கேளாத ஒருவரைப் பற்றியது.

இன்று நம் மாணவ மாணவியருள் பலர் இளங்கலைப் பட்டம் பெற்றவுடன் வணிக மேலாண்மை பயில விழைகின்றனர். அவருள்ளும் மனிதவளப் பிரிவை நாடுவோர் மிகுதி. மனிதவளம் என்னும் சொல் பழகிப் போனமையால் அதன் எடை நமக்குத் தெரிவதில்லை. மனிதரை வளமாக அன்றி வெறும் கைகளாகக் கருதிய காலத்தை இவ்வூர் கண்டிருக்கிறது. 1936 சூலை 30ஆம் நாள் சவானா ஆலைத் தொழிலாளர் மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் 12 பேர் உயிரிழந்தனர். அதன் பின்னரே, 1937இல், பிரெஞ்சிந்தியத் தொழிலாளருக்கு எட்டு மணி நேர வேலைச் சட்டம் வந்தது. ஆலை முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையில் நின்று இருவர் மொழியும் அறிந்து பேசுவதற்கு ஓர் அதிகாரி வேண்டும் என்னும் எண்ணம் இந்திய நாட்டில் இத்தகைய நிகழ்ச்சிகளுக்குப் பின்னரே வலுப்பெற்றது. 500 தொழிலாளரோ அதற்கு மேற்பட்டோரோ உள்ள ஆலைகளில் தொழிலாளர் நல அதிகாரி இருந்தாக வேண்டும் என 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் விதித்தது. இன்றைய மனிதவள மேலாளரின் பாட்டனார் அவரே எனலாம்.

ரவி மத்தாய் அத்தகைய அதிகாரியாகப் பெயர்ப்பலகை மாட்டிக்கொண்டவர் அல்லர். கம்பெனி நிர்வாகியாக இருந்து மேலாண்மை ஆசிரியரானவர் அவர். ஆயினும், மனிதவளம் என்ற சொல் நம் நாட்டு அலுவலகங்களில் புழங்கத் தொடங்குமுன்பே, அச்சொல்லின் உட்பொருளை ஒரு கல்வி நிறுவனத்தில் ஒருமுறையும், ஒரு வறண்ட நிலப்பகுதியில் மறுமுறையும் செய்து பார்த்தவர் என்னும் வகையில், அத்துறையை நாடுவோர் முதலில் அறிய வேண்டிய பெயர்களுள் அவர் பெயரும் ஒன்று.

1927இல் பிறந்த அவர், கேரளத்துச் சிரியன் கிறித்தவக் குடும்பத்தைச் சார்ந்தவர். தந்தையார் ஜான் மத்தாய், நாடறிந்த பொருளாதார அறிஞர். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்று, சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளியல் பேராசிரியராக விளங்கியவர். விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் இரயில்வே அமைச்சராகவும் பின்னர் நிதியமைச்சராகவும் பணியாற்றிய அவர், திட்டக்குழுவுக்குத் தரப்படும் அதிகாரம் பற்றி மாறுபட்ட கருத்துக் கொண்டமையால் 1950இல் பதவி விலகினார். தாயார் அச்சம்மா மத்தாய், சமூகத் தொண்டுக்காக 1954இல் பத்மஸ்ரீ விருது பெற்றவர். பால் கூட்டுறவுக்குப் புகழ்பெற்ற ஆனந்த் நகரின் வர்கீஸ் குரியனும் இக்குடும்பத்தின் நெருங்கிய உறவினரே. ஜாம்ஷெட்பூரில் டாடா எஃகு ஆலையில் பயிற்சிக்குச் சேர்ந்த குரியன், அங்கு உயர்பொறுப்பில் இருந்த ஜான் மத்தாயின் உறவினர் என்ற நிழலில் வளர விரும்பாமல் அவ்வேலையை விட்டு வெளியேறினார். பதவியைவிடப் பணியைப் பெரிதாக எண்ணுவது இவர்கள் வீட்டு வழக்கம் போலும்.

இன்னொன்றையும் ஈண்டுக் குறித்தல் வேண்டும். ஜான் மத்தாய் இளமையில் எழுதி 1915இல் வெளியிட்ட நூல், பிரித்தானிய இந்தியாவின் கிராம ஆட்சி முறை பற்றியது. அவர் நூலகங்களில் ஆய்ந்த கிராமத்தை, அறுபது ஆண்டுகள் கழித்து மகன் கால்நடையாய்ச் சென்று கண்டார். அது பின்னர் வரும்.

ரவி மத்தாய் இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டில் பயின்றார். நாடு திரும்பியபின் கல்கத்தாவில் மெக்லியட் கம்பெனியில் சேர்ந்தார். அக்காலத்துக் கல்கத்தாவில் மேலாண்மை முகவர் நிறுவனங்கள் என்று ஒருவகை இருந்தன. ஒரே நிறுவனம் பல கம்பெனிகளின் நிர்வாகத்தைத் தன் கையில் வைத்திருக்கும். சணல் ஆலை ஒருபுறம், தேயிலைத் தோட்டம் மறுபுறம், சிறு இரயில் பாதை இன்னொருபுறம் என்று அதன் கிளைகள் விரியும். மெக்லியட் அத்தகையது. அங்குப் பணியாற்றிய உயர் அதிகாரிகளைப் பாக்ஸ்வாலாக்கள் என்று ஊரார் அழைப்பர். வெள்ளையர் விட்டுச் சென்ற நாற்காலியில் அமர்ந்து, அவர்தம் உடை, உணவு, கிளப்பு ஆகியவற்றையும் சேர்த்துப் பெற்றுக்கொண்ட இந்திய அதிகாரி வர்க்கம் அது. வாழ்நாள் முழுதும் வசதியாக இருந்து ஓய்வுபெறத் தக்க இடம். 1960களின் தொடக்கத்தில் அவ்விடத்தை விட்டு, அப்பொழுதுதான் தொடங்கப்பெற்றிருந்த கல்கத்தா இந்திய மேலாண்மைக் கழகத்தில் பேராசிரியராகச் சேர்ந்தார் ரவி மத்தாய். ஆசிரியர் ஊதியம் பாக்ஸ்வாலா ஊதியத்தோடு ஒப்பிடத்தக்கதன்று என்பதை இம்மலரைப் படிக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கு நான் விளக்க வேண்டுவதில்லை.

இந்திய மேலாண்மைக் கழகங்களின் தோற்றத்தைச் சிறிது பார்த்துக்கொள்வோம். 1961ஆம் ஆண்டின் இறுதியில், ஒரு மாத இடைவெளியில், கல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் இவ்விரு கழகங்களும் தோன்றின. கல்கத்தாக் கழகத்திற்கு அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனமும், அகமதாபாத்துக் கழகத்திற்கு ஹார்வர்டும் துணைநின்றன. அகமதாபாத்துக் கழகத்திற்கு அடித்தளமிட்டவர்களுள் முதன்மையானவர், விண்வெளி ஆராய்ச்சிக்குத் தந்தை எனப் போற்றப்படும் விக்ரம் சாராபாய். அந்நகரின் துணியாலைச் செல்வரான கஸ்தூர்பாய் லால்பாயும் குஜராத் அரசும் உடன் நின்றனர்.

அகமதாபாத்தும் நம் புதுவையைப் போல் ஆலைச் சங்கு ஊதிய ஊர்தான். அளவில்தான் பன்மடங்கு பெரிது. அங்குள்ள ஆலைகள் கூடித் தமக்கென ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தை 1947இல் அமைத்துக்கொண்டன. அதில் நூலையும் துணியையும் ஆராயும் பிரிவுகளோடு மனிதரை ஆராயும் ஒரு பிரிவும் இருந்தது! அதனை நடத்தியவர் கமலா சௌதரி என்னும் உளவியல் அறிஞர். 1953இல் இலண்டனிலிருந்து வந்த அறிஞர் ஏ.கே. ரைஸ், காலிகோ நிறுவனத்தைச் சார்ந்த ஓர் ஆலையில் தானியங்கித் தறிகளை ஓட்டிய தொழிலாளரைச் சிறு சிறு குழுக்களாக்கி, குறிப்பிட்ட தறிகளின் முழுப் பொறுப்பையும் ஒவ்வொரு குழுவிடமே விட்டுப் பார்த்தார். அதற்குமுன் ஒருவர் இழை முடிய, இன்னொருவர் எண்ணெய் இட, யார் யாருக்குப் பொறுப்பு என்பதே தெளிவில்லாமல் இருந்தது. பொறுப்பைத் தொழிலாளர் கையில் கொடுத்தபின் உற்பத்தியும் தரமும் உயர்ந்தன. பணியிட உளவியல் வரலாற்றில் இது உலகப் புகழ்பெற்ற ஆய்வு. ஆலைத் தரையிலிருந்து அவ்வனுபவத்தோடு வந்த கமலா சௌதரிதான் அகமதாபாத்துக் கழகத்தைத் தொடக்க ஆண்டுகளில் அன்றாடம் கட்டி வளர்த்தவர். சாராபாய் மதிப்புறு இயக்குநர். அவருக்கோ ஆராய்ச்சிக்கூடமும் மருந்துத் தொழிற்சாலையும் தும்பாவின் ராக்கெட்டும் என ஆயிரம் வேலைகள். ஆகவே முழுநேர இயக்குநர் ஒருவரைத் தேடினர். 1965இல் அத்தேடல் ரவி மத்தாயிடம் வந்து நின்றது.

அப்பொழுது அவருக்கு வயது முப்பத்தெட்டு. முனைவர் பட்டம் இல்லை. மேலாண்மைப் பட்டமும் இல்லை. ஆசிரியப் பணியில் சில காலமே பழக்கம். ஹார்வர்டில் பயிற்சி பெற்றுத் திரும்பிய இளம் ஆசிரியர்களும், தத்தம் துறையில் தேர்ந்த அறிஞர்களும் நிறைந்த ஒரு சபைக்குத் தலைவராக அவர் வந்தார். நம் கல்லூரிகளில் இத்தகைய ஒருவரை முதல்வராக அமர்த்தினால் முதல் வாரத்திலேயே எத்தனை விண்ணப்பங்கள் மேலிடத்திற்குப் பறக்கும் என்பதை நினைத்துப் பார்க்கிறேன்.

அவர் செய்தது என்ன? ஆணையிடும் வேலையைக் குறைத்துக்கொண்டார். கல்வி நிறுவனம் அரசு அலுவலகம் அன்று. மேலிருந்து கோப்பு இறங்க, கீழிருந்து கையொப்பம் ஏறும் முறையில் புதிய சிந்தனை பிறவாது என்பது அவர் தெளிவு. என்ன கற்பிப்பது, எவரைச் சேர்ப்பது, எதனை ஆராய்வது என்பனவற்றை ஆசிரியர்களே கூடிப் பேசி முடிவு செய்ய வேண்டும். முடிவின் பயனுக்கும் பழிக்கும் அவர்களே பொறுப்பாதல் வேண்டும். ஆசிரியர் ஒவ்வொருவரும் வகுப்பெடுப்பதோடு ஆராய்ச்சியும் செய்ய வேண்டும். வெளியே நிறுவனங்களுக்கு ஆலோசனை கூறி நடப்பு உலகையும் அறிந்திருத்தல் வேண்டும். இயக்குநரின் வேலை, இவை நடப்பதற்கு வேண்டிய சூழலைக் காப்பதும், வெளியிலிருந்து வரும் தலையீட்டைத் தன் மேல் வாங்கிக்கொள்வதும். நம் மார்க்கத்தில் மஷூரா என்னும் கலந்தாலோசனைக்கு எத்துணைச் சிறப்பு உண்டோ அத்துணைச் சிறப்பை ஒரு கல்விக் கூடத்தின் அன்றாட நடைமுறையில் அவர் கொடுத்தார் எனலாம். அரசுப் பணத்தில் இயங்கினாலும் அரசின் கைக்கு அடங்காத தன்னாட்சி அக்கழகத்திற்கு வாய்த்ததில் அவர் காலத்து நடைமுறைக்குப் பெரும்பங்கு உண்டு.

இதில் இடர் இல்லாமல் இல்லை. கூடிப் பேசி முடிவு செய்வது என்றால் காலம் செலவாகும்; கூட்டங்கள் நீளும்; உரத்துப் பேசுபவர் மேலோங்குவர். தலைவர் ஒருவரே முடிவு செய்துவிட்டால் ஐந்து நிமிடத்தில் முடியும் வேலை ஐந்து வாரம் இழுக்கும். ஆனால் அந்த ஐந்து வாரத்தில் இருபது பேர் நிறுவனம் நடத்தக் கற்றுக்கொள்கின்றனர். ரவி மத்தாய் வாங்கிய பண்டம் அதுதான். அதற்கு அவர் கொடுத்த விலை காலம்.

அவருடைய காலத்தில்தான் வாடகைக் கட்டடங்களிலிருந்து கழகம் தன் சொந்த வளாகத்திற்கு வேரூன்றியது. அமெரிக்கக் கட்டடக் கலைஞர் லூயி கான் வரைந்த அந்தச் செங்கல் கட்டடங்களை இன்றும் உலகெங்குமிருந்து மாணவர் வந்து பார்க்கின்றனர். பூச்சில்லாத செங்கல் சுவர்கள், பெரிய பெரிய வட்டத் திறப்புகள், வெயிலை வெளியே நிறுத்திக் காற்றை உள்ளே விடும் அமைப்பு. 1974 மார்ச்சில் அகமதாபாத்திலிருந்து ஊர் திரும்பிய லூயி கான், நியூயார்க் இரயில் நிலையத்திலேயே மாரடைப்பால் உயிர் துறந்தார் என்பது அக்கட்டடங்களின் வரலாற்றில் கலந்துவிட்ட துயரம்.

தமிழருக்குப் பெருமை தரும் செய்தி ஒன்றும் உண்டு. கோவையில் பிறந்து, சென்னை இலயோலாக் கல்லூரியில் இயற்பியல் பயின்று, சென்னையில் மின்கலத் தொழிற்சாலை ஒன்றில் மேலாளராகப் பணியாற்றிய இளைஞர் ஒருவர் அக்கழகத்தில் சேர்ந்து 1966இல் பட்டயம் பெற்றார். அவரே பின்னாளில் மேலாண்மைச் சிந்தனையாளராக உலகப் புகழ் பெற்ற சி.கே. பிரகலாத். அவரும் தொழிற்சாலையிலிருந்து வகுப்பறைக்குச் சென்றவரே.

மேலாண்மை என்றால் கம்பெனிக்கு மட்டும் உரியது என்னும் எண்ணத்தையும் ரவி மத்தாய் ஏற்கவில்லை. வேளாண்மை, கூட்டுறவு, கல்வி, அரசு நிர்வாகம் ஆகியவற்றுக்கும் மேலாண்மை அறிவு தேவை. நாட்டு மக்களுள் பெரும்பாலோர் வாழ்வு அங்கேதான் இருக்கிறது என்பது அவர் வாதம். சோப்பு விற்கக் கற்றுக்கொடுப்பதற்காக அரசு இத்துணைப் பணம் செலவிட வேண்டுமா என்று கேட்டவர்களுக்கு அவர் கழகம் செயலால் விடை சொல்ல முயன்றது. முழுதும் வென்றது என்று சொல்ல இயலாது. பட்டயம் பெற்ற இளைஞர் பெரும்பாலும் பெரிய ஊதியம் தரும் கம்பெனிகளையே நாடினர், இன்றும் நாடுகின்றனர். 1971இல் முனைவர் நிலைக் கல்விக்கும் அங்கு வழி திறந்தது. அதன் வழியாக மேலாண்மை ஆசிரியர்களை நம் நாட்டிலேயே உருவாக்கும் பணி தொடங்கிற்று.

இனி 1972ஆம் ஆண்டுக்கு வருவோம்.

கழகம் புகழின் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. இயக்குநர் நாற்பத்தைந்து வயதளவினர். எதிர்ப்பு இல்லை; குற்றச்சாட்டு இல்லை; உடல்நலக் குறைவும் இல்லை. இன்னும் பதினைந்து ஆண்டுகள் அவர் அந்நாற்காலியில் இருந்திருந்தால் வியப்பவர் எவருமிலர். ரவி மத்தாய் இயக்குநர் பொறுப்பிலிருந்து தாமே விலகினார். விலகி வேறொரு பெரிய பதவிக்குச் செல்லவில்லை. அதே கழகத்தில் பேராசிரியருள் ஒருவராக அமர்ந்தார். சாமுவேல் பால் அடுத்த இயக்குநரானார். நேற்றுவரை தமக்குக் கீழ் இருந்தவரின் தலைமையில் ரவி மத்தாய் வகுப்பெடுத்தார், ஆய்வு செய்தார், ஆசிரியர் கூட்டங்களில் பத்தோடு பதினொன்றாக உட்கார்ந்தார்.

நம் வரலாற்றில் இதற்கு ஒப்பு உண்டு. கி.பி. 634இல் கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஆட்சிப் பொறுப்பேற்றவுடன், வெற்றிமேல் வெற்றி குவித்துக்கொண்டிருந்த தளபதி காலித் பின் வலீத் (ரலி) அவர்களைத் தலைமைப் பொறுப்பிலிருந்து விலக்கி அபூ உபைதா (ரலி) அவர்களை அமர்த்தினார்கள். காலித் அவர்கள் மனம் கோணாமல், புதிய தளபதியின் கீழ் நின்று போரிட்டார்கள். பதவி அமானிதம் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று காண்டல் அரிது. ஆனால் அங்கே ஆணை வந்தது, அதற்குக் கீழ்ப்படிந்தார்கள். ரவி மத்தாய்க்கு ஆணை இடுவார் எவருமிலர். தமக்குத் தாமே ஆணையிட்டுக்கொண்டார். ஒன்றன் சிறப்பு மற்றொன்றற்குக் குறைவு என்று நான் கூற வரவில்லை. இரண்டும் வெவ்வேறு வகைக் கடினம்.

தலைவர் தம் சிறந்த ஆண்டுகளை நிறுவனத்திற்கு அளித்தபின், அவர் இல்லாமல் அது நடக்குமா என்பதை அவர் உயிரோடிருக்கும்போதே சோதித்தல் நன்று என்பது அவர் முடிவின் உட்கிடை. இறந்தபின் சோதனை நடந்தால், தவறு கண்டு திருத்த அவர் இருக்க மாட்டார். நான் அறிந்த ஒரு பள்ளி நிர்வாகக் குழுவை இங்கு நினைத்துக்கொள்கிறேன்; பெயர் வேண்டா. தம் பொருளையும் தூக்கத்தையும் கொடுத்து அப்பள்ளியை வளர்த்த பெரியவர் ஒருவர், இறுதிவரை செயலாளர் பொறுப்பை விடவில்லை. அவருடைய நேர்மையில் எவருக்கும் ஐயமில்லை. அவர் மறைந்த வாரத்தில், வங்கிக் கணக்கில் கையொப்பமிடும் முறைகூட எவருக்கும் தெரியவில்லை. மூன்று மாதம் ஆசிரியர் ஊதியம் நின்றது. நேர்மையான மனிதரின் அன்பே அப்பள்ளிக்கு ஊறாய் முடிந்ததைக் கண்ட எனக்கு, 1972இன் அச்செய்தி வெறும் மேலாண்மைப் பாடமாகப் படவில்லை.

முன்னாள் தலைவர் அதே கூடத்தில் அமர்ந்திருப்பது புதியவருக்கு இடையூறாகாதா என்று கேட்பார் உண்டு. ஆகலாம்தான். ஒவ்வொரு முடிவின்போதும் அவர் முகத்தைப் பிறர் திரும்பிப் பார்த்தால், நாற்காலி மாறியும் அதிகாரம் மாறவில்லை என்றாகும். ரவி மத்தாய் தம் கவனத்தையே வேறு திசைக்குத் திருப்பிக்கொண்டார். கழகத்தின் நிர்வாகத்தை விட்டு, கல்வி என்பது என்ன, நிறுவனங்கள் ஏன் தேங்குகின்றன, தேங்கியவை தம்மைத் தாமே எவ்வாறு புதுப்பித்துக்கொள்ளும் என்னும் வினாக்களில் ஆழ்ந்தார். உதய் பாரீக், டி.வி. ராவ் ஆகியோருடன் சேர்ந்து, கல்வி ஆராய்ச்சி நிறுவனங்களைக் கட்டுதல் பற்றி 1977இல் ஒரு நூலை வெளிக்கொணர்ந்தார்.

இவ்விரு பெயர்களும் மனிதவள மாணவர்க்குப் பழகியவை. பாரீக்கும் ராவும் அக்கழகத்தில் ஆசிரியராக இருந்தபோதுதான், 1970களின் நடுவில், லார்சன் அண்டு டூப்ரோ நிறுவனத்தின் வேண்டுகோளின்படி அதன் பணியாளர் முறைகளை ஆராய்ந்து, மனிதவள மேம்பாட்டுக்கெனத் தனித்துறை அமைக்கப் பரிந்துரைத்தனர். இந்தியக் கம்பெனிகளில் அத்தகைய துறைக்கு அதுவே முன்னோடி. வேலைக்கு எடுத்தல், வருகைப் பதிவு, ஊதியம், தண்டனை என்றிருந்த பணியாளர் அலுவலகம், ஆளை வளர்த்தல் என்னும் புதிய பொறுப்பை ஏற்கத் தொடங்கியது அங்கிருந்துதான். ஆசிரியர்க்கு உரிமை கொடுத்துப் பொறுப்பும் கொடுத்த ஒரு கூடத்தில் இச்சிந்தனை வளர்ந்தது தற்செயல் அன்று என்றே கருதுகிறேன்.

ஆனால் ரவி மத்தாயின் வாழ்வில் என்னை மிகவும் ஈர்ப்பது அதற்கடுத்த பகுதி.

இராசத்தான் மாநிலத்தில், அக்காலத்து ஆஜ்மீர் மாவட்டத்தைச் சார்ந்த ஜவாஜா என்றொரு வட்டாரம் உண்டு. காஜா முயீனுத்தீன் சிஷ்தி அவர்களின் தர்காவால் ஆஜ்மீரை நம்மவர் அறிவர். ஆனால் ஜவாஜாவை அறிந்தவர் அரியர். ஏறத்தாழ 200 கிராமங்கள், 80,000 அளவில் மக்கள், அடிக்கடி வறட்சி. வளர்ச்சிக்கு உரிய வளம் ஏதும் இல்லாத பகுதி என்பதே அதிகாரிகளின் கணிப்பு. 1975இல் ரவி மத்தாய் அங்குச் சென்றார். அவர் கேட்ட கேள்வி எளியது. வளம் இல்லை என்கிறீர்கள். இத்தனை ஆயிரம் மனிதர் இருக்கின்றனரே, அவர்கள் வளம் இல்லையா? மனிதவளம் என்னும் சொல்லை இத்துணை நேராக எடுத்துக்கொண்டவர் வேறு எவரும் இருப்பதாகத் தெரியவில்லை.

கழகத்தின் ஆசிரியரோடு, அகமதாபாத்திலேயே உள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தாரும் கைகோத்தனர். அதன் தலைமைப் பொறுப்பில் இருந்த அசோக் சட்டர்ஜி உடன் உழைத்தார். அவ்வட்டாரத்தில் நெசவாளர் இருந்தனர். தோல் பதனிட்டுச் செருப்புத் தைப்போர் இருந்தனர். தீண்டாமைக் கொடுமைக்கு ஆளாகி, வணிகரின் கடனில் கழுத்தளவு மூழ்கிக் கிடந்தவர்கள். தோல் என்றவுடன் நம் சமுதாயத்துப் பெரியோர்க்கு ஆம்பூரும் வாணியம்பாடியும் நினைவுக்கு வரும். பதனிட்ட தோலில் எங்கே இலாபம் பிறக்கிறது, எவர் கையில் அது தங்குகிறது என்பதை அவர்களுக்கு விளக்க வேண்டுவதில்லை. பச்சைத் தோலைத் தொட்டவனுக்குக் கூலி. பதனிட்டதை விற்றவனுக்குச் செல்வம். ஜவாஜாவில் இடைவெளி இன்னும் அகலம்.

வந்தவர்கள் பணம் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். பயிற்சி முகாம் நடத்திச் சான்றிதழ் வழங்கியிருக்கலாம். அவ்வாறு செய்யவில்லை. நகரத்தார் விரும்பி வாங்கக்கூடிய பைகளையும் விரிப்புகளையும் வடிவமைத்துக் காட்டினர். தோல் வாரினாலேயே தைக்கப்பெற்று, உலோகப் பூட்டு முதலியன வேண்டாத எளிய பைகள் அவை. ஊரிலேயே கிடைக்கும் பொருளும் ஊராரின் கைத்திறனும் போதும். ஆனால் பை அங்கே பாடப்புத்தகம்தான். ஒரு பைக்கு எவ்வளவு தோல், எத்தனை நாள் உழைப்பு, என்ன விலை வைத்தால் கட்டும், எவரிடம் கடன் வாங்கலாம், தரம் குறைந்ததை யார் திருப்பி அனுப்புவது என்று ஒவ்வொன்றையும் கைவினைஞர் தாமே செய்து, தவறி, மீண்டும் செய்து கற்றனர். கணக்கு எழுத அவர்களே கற்க வேண்டும். வங்கிக்கு அவர்களே செல்ல வேண்டும். பெருநகரத்து வணிகரோடு அவர்களே பேரம் பேச வேண்டும். பேராசிரியர் உடன் வருவார். முன்னால் நடக்க மாட்டார். இதனையே கிராமப் பல்கலைக்கழகம் என்று அவர் அழைத்தார். வகுப்பறை இல்லை, தேர்வு இல்லை. ஆசிரியரும் மாணவரும் மாறி மாறி அமர்ந்தனர்.

அவருடைய கணிப்பில், வெளியார் அங்கிருந்து என்றேனும் விலக வேண்டும்; அவ்வாறு விலகியபின்னும் வேலை நிற்கக் கூடாது. அகமதாபாத்தில் இயக்குநர் நாற்காலியில் செய்து பார்த்ததையே ஜவாஜாவில் மண்தரையில் மீண்டும் செய்தார். இரண்டாவது கடினமானது. படித்த ஆசிரியர் தலைவரின்றி நடக்கக் கற்றுக்கொள்வது ஒன்று. தலைமுறை தலைமுறையாகக் கைகட்டி நின்றவர் நிமிர்ந்து விலை பேசுவது இன்னொன்று. பல ஆண்டுகள் பிடித்தன. கொள்முதல் செய்வோர் கைவிட்ட காலம் உண்டு. குழுவுக்குள் பிணக்கு எழுந்த காலம் உண்டு. வெளியாரை நம்பியிருக்கும் பழக்கமும் எளிதில் விடவில்லை. 200 கிராமங்களில் விரிய எண்ணியது ஒரு சில குழுக்களில்தான் வேர்கொண்டது. எண்ணிக்கை கொண்டு அளப்போர் இதைத் தோல்வி என்பர். அவர்களோடு நான் வழக்காட விரும்பவில்லை. ஆனால் அளவுகோல் பொருத்தமானதா என்று மட்டும் கேட்பேன்.

1984 பிப்ரவரியில், அறுபது வயதைக்கூட எட்டாமல் ரவி மத்தாய் மறைந்தார். ஜவாஜாப் பணியைப் பற்றி அவர் எழுதிய கிராமப் பல்கலைக்கழகம் என்னும் ஆங்கில நூல் அவர் மறைவுக்குப் பின் 1985இல் வெளிவந்தது. அகமதாபாத்துக் கழகத்தில் கல்விப் புதுமைக்கான மையம் ஒன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. அங்குள்ள பேரரங்கிற்கும் அவர் பெயரே. மேலாண்மை பயிலச் செல்லும் நம் மாணவர் எவரேனும் அவ்வளாகத்திற்குச் செல்ல நேர்ந்தால், அப்பெயர்ப் பலகைகளைக் காண்பர்.

ஜவாஜாவின் நெசவாளரும் தோல் வினைஞரும் சேர்ந்து தமக்கென ஒரு கைவினைஞர் கூட்டமைப்பை அமைத்துக்கொண்டனர். பேராசிரியர் மறைந்தபின்னும் அவர்கள் பைகளைத் தைத்தனர், விரிப்புகளை நெய்தனர். கணக்குப் புத்தகமும் அவர்கள் கையிலேயே இருந்தது.